கணக்குப் போட்டு இசை கண்ட ஆசிரியர்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடுங்கள் என்று மாணவர் பேரவை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதைப் பார்த்ததும், நானும் ஒரு கவிதை எழுதிக் கொடுக்கலாமே என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்தும் நாலு வரிக்கு மேல் வரவில்லை. அதனால் கவிதையை விட்டுவிட்டு, நம்ம திண்டுக்கல்லில் படித்து வாத்தியார் ஆன ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் ஆபிரகாம் பண்டிதர். என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் எனக்கும் தெரியாது!

அவரைப் பற்றி நான் ஏன் தேடினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான் ஒருத்திதான். அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறார். வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதம் வந்தால் வீட்டில் காசு இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கிளாரினெட் பெட்டி பீரோ மேலே தூங்கும். என் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான்.

போன வருஷம் ஒரு நாள் மாலை பஸ் ஸ்டாப்பில் நாங்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் ஒன்று வந்தது. சிவப்புக் கோட்டு, தோளில் ஜரிகை, தலையில் தொப்பி போட்டுக்கொண்டு பேண்டு செட் ஆட்கள். மூன்றாவது ஆளாக என் அப்பா. கூட நின்றவர்களில் யாரோ அந்தத் தொப்பியைப் பார்த்து ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மெல்ல நகர்ந்து ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்பா என்னைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி வாசித்துக்கொண்டே போய்விட்டார். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

இசை படித்தவர்கள், இசை சொல்லிக்கொடுத்தவர்கள் யாராவது நம்ம ஊரில் மதிப்பாக இருந்திருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் திண்டுக்கல் என்ற பெயரைப் பார்த்து நின்றேன். அங்கே இருந்தார் பண்டிதர்!

பதினேழு வயதில் திண்டுக்கல்

ஆபிரகாம் பண்டிதர் பிறந்தது 1859 ஆகஸ்ட் 2. ஊர், தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரை. அப்பா முத்துசாமி, அம்மா அன்னம்மாள். சுரண்டையில் பள்ளிப் படிப்பு. அந்தக் காலத்தில் ஒரு கிராமத்துப் பையன் படித்து மேலே வர வேண்டும் என்றால் இருந்த நல்ல வழி வாத்தியார் வேலை. அதற்குப் பயிற்சி கொடுக்கும் பள்ளி ஒன்று திண்டுக்கல்லில் இருந்தது. நார்மல் பள்ளி என்று சொல்வார்கள். இன்றைக்கு நாம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி என்கிறோமே, அதேதான். யார்க் துரை என்ற ஆங்கிலேயர் அதற்குத் தலைவராக இருந்தார். 1876-இல் ஆபிரகாம் அங்கே வந்து சேர்ந்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போது அவருக்குப் பதினாறு முடிந்து பதினேழு. நாம் பத்தாவது முடித்து இங்கே வந்து சேர்ந்த வயதுக்கு ஒன்றிரண்டுதான் கூட! அதே மலைக்கோட்டையை அவரும் அண்ணாந்து பார்த்திருப்பார். அதே சிறுமலைக் காற்று அவர் மேலும் பட்டிருக்கும். அப்போது திண்டுக்கல் தனி மாவட்டம் இல்லை, மதுரை மாவட்டத்தில் ஓர் ஊர். 1985-இல்தான் தனி மாவட்டம் ஆனது.

வாத்தியார் பயிற்சிக்கு வந்தவர் பாடத்தோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். திண்டுக்கல்லில் இருந்த சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் போய் வயலின் கற்றுக்கொண்டார். புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். அச்சு வேலை கற்றுக்கொண்டார். ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தார். நாம் ஒர்க் ஷாப்பில் ஃபிட்டிங், வெல்டிங், கார்பென்டரி என்று ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கை பழகுவதில்லையா, அந்த மாதிரி ஊரில் யாரிடம் என்ன வித்தை இருந்தாலும் போய்க் கேட்டுக் கற்றுக்கொள்கிற குணம் அவருக்கு இருந்திருக்கிறது. அங்கே கற்ற ஒவ்வொன்றும் பின்னால் எப்படி அவருக்குக் கைகொடுத்தது என்பதைப் பாருங்கள்.

சுருளிமலையில் ஒரு குரு

திண்டுக்கல்லில் இருந்த காலத்தில்தான் அவர் சுருளிமலைக்குப் போனார். இன்றைக்கு அது தேனி மாவட்டம். கம்பம் பக்கத்தில் சுருளி அருவி இருக்கிறதே, அந்த மலை. மூலிகை தேடிப் போனவருக்கு அங்கே கருணானந்தர் என்ற துறவியின் தொடர்பு கிடைத்தது. சித்த மருத்துவத்தில் நுட்பமான விஷயங்களை அவரிடம் தெரிந்துகொண்டார்.

அந்தக் குருவை ஆபிரகாம் கடைசி வரைக்கும் மறக்கவில்லை. பின்னாளில் அவர் தொடங்கிய மருந்துச்சாலைக்குக் கருணாநிதி என்று பெயர். வாங்கிய தோட்டத்துக்குக் கருணானந்தபுரம் என்று பெயர். எழுதிய பெரிய இசை நூலுக்குக் கருணாமிர்த சாகரம் என்று பெயர். அவர் கிறிஸ்தவர், குருவோ மலையில் இருந்த ஒரு துறவி. வித்தை கொடுத்தவர் யாராக இருந்தால் என்ன? நன்றி நன்றிதான்!

தஞ்சாவூரில் தமிழாசிரியர்

1882-இல் அவருக்குத் திருமணம். மனைவி ஞானவடிவு பொன்னம்மாள், அவரும் படித்த ஆசிரியை. அந்த நாளில் ஒரு பெண் ஆசிரியை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள் தோழிகளே! இருவரும் தஞ்சாவூர் போய் லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அம்மையார் தலைமை ஆசிரியை, கணவர் தமிழாசிரியர். அதாவது பள்ளிக்கூடத்தில் அவருக்கு மேலதிகாரி அவர் மனைவிதான். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ரொம்ப சந்தோஷமாகவும் இருந்தது.

பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் ஊர்க்காரர்களுக்கு மருந்து கொடுத்தார். நோய் குணமானவர்கள் நாலு பேருக்குச் சொல்ல, அவர்கள் நாற்பது பேருக்குச் சொல்ல, வாசலில் கூட்டம் சேர்ந்தது. 1890-இல் பள்ளி வேலையை விட்டுவிட்டு முழுநேர மருத்துவர் ஆனார். பண்டிதர் என்று மக்கள் கூப்பிட ஆரம்பித்தது இந்த மருத்துவத்துக்காகத்தான். அவருடைய சஞ்சீவி மருந்துகள் இலங்கை, பர்மா வரைக்கும் போயின. தஞ்சாவூருக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகைத் தோட்டம் போட்டார். ஊர்க்காரர்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றே சொன்னார்கள். 1909-இல் ஆங்கில அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் அவர் ஒரு பணக்கார வைத்தியர், அவ்வளவுதான். மருந்தில் வந்த பணத்தை அவர் எதில் கொண்டுபோய்ப் போட்டார் தெரியுமா? இசையில்!

சொந்தக் காசில் ஏழு மாநாடு

திண்டுக்கல்லில் பிடித்த வயலினை அவர் விடவே இல்லை. தஞ்சாவூரில் பிச்சைமுத்து என்பவரிடம் மேற்கத்திய இசையும் கற்றார். தமிழில் பாட்டுக் கற்றுக்கொள்கிறவர்களுக்குத் தமிழிலேயே பாடம் வேண்டும் என்று கீதம், சுரஜதி, வர்ணம், கீர்த்தனை எல்லாம் தாமே இயற்றினார். மொத்தம் 96 உருப்படிகள். அந்தக் காலத்தில் சங்கீதம் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் தெலுங்கிலும் வடமொழியிலும் உள்ள பாட்டைத்தான் மனப்பாடம் செய்தார்கள். அர்த்தம் புரிந்து பாடினால் இன்னும் நன்றாக வரும் என்று நினைத்தவர் நம்ம தமிழ் வாத்தியார். பள்ளி வேலையை விட்டாலும் வாத்தியார் குணம் அவரை விடவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

1912-இல் தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். பெரிய பெரிய வித்துவான்கள், வீணைக்காரர்கள், நூல் படித்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, இசையின் அடிப்படைக் கேள்விகளைப் பேசவைத்தார். அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மாதிரிப் பெரியவர்கள் கலந்துகொண்டார்கள். அந்தச் சில ஆண்டுகளுக்குள் ஏழு மாநாடுகள் நடந்தன. செலவு பண்டிதருடையது. நம்ம பேரவையில் ஒரு விழா நடத்த நன்கொடைச் சீட்டுப் புத்தகத்தோடு கடை கடையாக அலைகிறோமே, அது ஞாபகம் வந்தது எனக்கு!

சென்னையில் மியூசிக் அகாடமி தொடங்கியது 1928-இல். தமிழ் இசைச் சங்கம் வந்தது 1943-இல். அதற்கெல்லாம் முன்னாலேயே ஒரு பழைய பள்ளி ஆசிரியர் தஞ்சாவூரில் இந்த வேலையைச் செய்திருக்கிறார்.

என்ன கேள்வி அது?

இனிமேல் கொஞ்சம் கணக்கு வரும். பயப்படாதீர்கள். முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் வைத்த எனக்கே புரிந்துவிட்டது, உங்களுக்குப் புரியாதா?

ஒரு கம்பியை இழுத்துக் கட்டி மீட்டினால் ஒரு சுரம் வரும். அதை ச என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பியைச் சரி பாதியில் தொட்டு மீட்டினால் அதே ச மேலே கேட்கும். மேல் ஸ்தாயி ச. அதிர்வு இரண்டு மடங்கு. மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் மீட்டினால் ப வரும். அதிர்வு ஒன்றரை மடங்கு. இது வரைக்கும் உலகத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான்.

கீழ் ச-வுக்கும் மேல் ச-வுக்கும் நடுவில் எத்தனை நுட்பமான இடங்கள் இருக்கின்றன? அவை எவ்வளவு இடைவெளியில் இருக்கின்றன? இந்த நுட்ப இடங்களுக்குச் சுருதி என்று பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் 22 என்று சொன்னது. அதையே எல்லோரும் வழிவழியாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஆனால் அந்த 22 எங்கெங்கே இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கு ஓர் அளவு சொன்னார்கள்.

பண்டிதர் கேட்டது ரொம்ப எளிமையான கேள்வி. நாம் பாடுகிற பாட்டுக்கும் நூலில் இருக்கிற அளவுக்கும் பொருந்துகிறதா? பொருந்தவில்லை என்றால் சரியான அளவு எது? அதைக் கணக்குப் போட்டு எல்லோருக்கும் காட்ட முடியுமா?

ஒரு வழி, ப-விலிருந்து ப-வாக ஏறிக்கொண்டே போவது. ஒவ்வொரு படியும் ஒன்றரை மடங்கு. பன்னிரண்டு படி ஏறினால் பன்னிரண்டு சுரமும் கிடைத்து, தொடங்கிய ச-வுக்கே திரும்பி வந்திருக்க வேண்டும். கால்குலேட்டரை எடுத்து ஒன்றரையைப் பன்னிரண்டு தடவை பெருக்கிப் பாருங்கள். 129.746 வரும். ஏழு ஸ்தாயி ஏறினால் வரவேண்டியது இரண்டை ஏழு தடவை பெருக்கினால் வருவது, அதாவது 128. இரண்டும் ஒட்டவில்லை! கொஞ்சம் மிச்சம் நிற்கிறது. உலகம் முழுக்க இசைக்கணக்குப் போட்டவர்களை அலைக்கழித்தது இந்தக் கொஞ்சம் மிச்சம்தான்.

இதைச் சரிசெய்ய, அந்த மிச்சத்தைப் பன்னிரண்டு சுரத்துக்கும் சமமாகப் பங்கு போட்டுவிடலாம். அப்போது ஒவ்வொரு சுரமும் முந்தியதைப் போல 1.05946 மடங்கு. இரண்டின் பன்னிரண்டாம் மூலம் அது. லாகரிதம் போட்டால் சுலபம்: லாக் 2 என்பது 0.3010, அதைப் பன்னிரண்டால் வகுத்து ஆன்டிலாக் பார்த்தால் வந்துவிடும். மேற்கே பியானோவும் நம்ம ஆர்மோனியமும் கீபோர்டும் இப்படித்தான் சுருதி சேர்க்கப்படுகின்றன.

சிலப்பதிகாரத்தில் இருந்த விடை

இங்கேதான் தமிழாசிரியர் உள்ளே வருகிறார். சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையில் யாழ், குழல் பற்றி நிறைய வருகிறது. ச ரி க ம ப த நி என்பதற்குத் தமிழில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர். வட்டம் போட்டு, அதில் சுரங்களை நிறுத்தி, ஒன்றிலிருந்து ஒன்றாக எப்படி எடுப்பது என்ற முறையும் உரையில் இருக்கிறது. பெரிய சங்கீத வித்துவான்கள் பலர் இதைப் படித்ததில்லை. தமிழ் படித்தவர்களுக்குச் சங்கீதம் தெரியாது. அதனால் அந்தப் பகுதி பூட்டிய பெட்டி மாதிரிக் கிடந்தது. தமிழும் தெரிந்து, வயலினும் தெரிந்து, கணக்கும் போடத் தெரிந்த ஒருவர் வந்ததும் பூட்டுத் திறந்தது. பூட்டுக்குப் பேர்போன ஊரில் படித்தவர் இல்லையா!

ஆயப்பாலை என்றால் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பிரிப்பது, வட்டப்பாலை என்றால் இருபத்துநான்காக, திரிகோணப்பாலை நாற்பத்தெட்டாக, சதுரப்பாலை தொண்ணூற்றாறாகப் பிரிப்பது என்று பண்டிதர் விளக்கினார். எல்லாம் சம பங்கு. ஆகவே சுருதி 22 இல்லை, 24 என்பது அவர் முடிவு. ஒவ்வொன்றுக்கும் அதிர்வு எவ்வளவு, கம்பி நீளம் எவ்வளவு என்று பல தசம இடங்களுக்கு அட்டவணை போட்டார். கால்குலேட்டர் இல்லாத காலம் நண்பர்களே!

இன்னொன்றும் காட்டினார். சுரங்களை மாற்றாமல் தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றினால் வேறு வேறு பண் பிறக்கும் என்பது பழந்தமிழர்களுக்குத் தெரிந்த வித்தை. ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்துப் பாருங்கள். முதல் கட்டையைச் ச-வாக வைத்தால் சங்கராபரணம். அடுத்த கட்டையைச் ச-வாக வைத்தால் கரகரப்பிரியா. அதற்கடுத்து தோடி, பிறகு கல்யாணி, அரிகாம்போதி, நடபைரவி. கட்டை அதேதான், ராகம் மட்டும் மாறிக்கொண்டே போகும். இந்த ராகங்களின் வேர் நம்ம பழைய பண்களில் இருக்கிறது என்பதுதான் பண்டிதர் நிலைநாட்ட விரும்பியது.

பரோடாவில் மகள்கள்

1916-இல் பரோடா மன்னர் ஆதரவில் அகில இந்திய சங்கீத மாநாடு நடந்தது. வடக்கே இருந்த பெரிய ஆய்வாளர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். 22 சுருதிக்காரர்கள்தான் அதிகம். 22 சுருதி வைத்துச் செய்த ஓர் ஆர்மோனியத்தையே கொண்டுவந்து காட்டினார்கள். தெற்கே இருந்து நம்ம பண்டிதர் தம் மகள்களையும் கூட்டிக்கொண்டு போனார். தம் கருத்தைப் பேசினார். அப்பா சொன்ன கணக்கை மகள்கள் பாடியும் வீணையில் வாசித்தும் காட்டினார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால், ஊர் விட்டு ஊர், அத்தனை பண்டிதர்கள் நடுவில், பெண் பிள்ளைகள்! அந்த இடத்தைப் படித்தபோது தூணுக்குப் பின்னால் ஒளிந்த என் ஞாபகம் எனக்கு வந்தது. அவர்கள் அப்பாவுக்காக மேடையில் உட்கார்ந்தார்கள். நான் என் அப்பாவைத் தெரியாதவள் மாதிரி நின்றேன்.

அடுத்த ஆண்டு, 1917-இல், கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரத்து முந்நூறு பக்கத்துக்கு மேல்! நம்ம மின்னியல் துறையின் எல்லாப் பாடப்புத்தகத்தையும் அடுக்கினாலும் அவ்வளவு கனம் வராது. அதை அச்சடித்தது அவருடைய சொந்த அச்சகம். சென்னை ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி பெயரில், மின்சாரத்தால் ஓடும் அச்சகம் ஒன்றைத் தஞ்சாவூரில் வைத்திருந்தார். திண்டுக்கல்லில் கற்றுக்கொண்ட அச்சு வேலை எப்படிப் பயன்பட்டது பார்த்தீர்களா? மின்னியல் மாணவி என்ற முறையில் இந்த ஒரு செய்திக்கே அவருக்கு நான் தனியாக ஒரு வணக்கம் வைத்தேன்.

1919 ஆகஸ்ட் 31 அன்று பண்டிதர் காலமானார். வயது அறுபது. மிச்சம் இருந்த ஆராய்ச்சியை அவர் மகன் வரகுணபாண்டியன் 1946-இல் இரண்டாம் நூலாகக் கொண்டுவந்தார்.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்களா?

உண்மையைச் சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் பல சங்கீதப் புத்தகங்களில் 22 சுருதி என்றுதான் இருக்கிறது. பாடும்போது சுரம் கட்டையில் நிற்பதுபோல ஓர் இடத்தில் நிற்பதில்லை, அசையும், வழுக்கும். அதற்குப் பெயர் கமகம். அதை ஒரே ஓர் எண்ணில் அடைக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானதுதான். பண்டிதர் சொன்ன எல்லாமே முடிந்த முடிவு என்று நான் வாதாட வரவில்லை. அதற்கு எனக்குத் தகுதியும் இல்லை.

ஆனால் ஒன்று. அது வரைக்கும் சுருதி என்றால் பெரியவர்கள் சொன்னது, குரு சொன்னது, எங்கள் பரம்பரையில் இப்படி, உங்கள் பரம்பரையில் அப்படி. எண்ணைப் போட்டு வைத்தால் என்ன ஆகும்? பரம்பரை இல்லாத ஆளும் ஒரு கம்பியையும் ஸ்கேலையும் எடுத்துச் சரி பார்க்கலாம். தப்பு என்றால் தப்பு என்று சொல்லலாம். பண்டிதரை மறுத்தவர்கள்கூட அவர் போட்ட கணக்கை வைத்துத்தான் மறுக்க வேண்டியிருந்தது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த என்னை மாதிரிப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உதவி! வித்தையின் வாசலில் உன் அப்பா யார், தாத்தா யார் என்று கேட்காமல், அளந்து பார்த்துக்கொள் என்று சொல்லிக் கதவைத் திறந்து வைத்தவர் அவர். நல்ல வாத்தியார் செய்கிற வேலையும் அதுதானே.

எங்கள் வீட்டுப் பரிசோதனை

இதையெல்லாம் படித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பலகை ஒன்றில் இரண்டு ஆணி அடித்து மெல்லிய ஸ்டீல் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டினேன். நீளம் 80 சென்டிமீட்டர். கம்பிக்கு அடியில் நகர்த்த ஒரு சின்ன மரக்கட்டை. பண்டிதர் கணக்கை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். மூன்றில் இரண்டு பங்கு என்றால் ப வரவேண்டிய நீளம் 53.33 சென்டிமீட்டர். சம பங்குக் கணக்கில் 53.39. வித்தியாசம் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான்.

அப்பாவைக் கூப்பிட்டு, ப எங்கே இருக்கிறதோ அங்கே கட்டையை வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். சும்மா வையுங்கப்பா என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கம்பியைத் தட்டினார். கட்டையை நகர்த்தினார். மறுபடி தட்டினார். நகத்தால் ஒரு சின்னத் தள்ளு தள்ளினார். போதும் என்று கையை எடுத்தார்.

ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். 53.3-க்கும் 53.4-க்கும் நடுவில்! எந்தப் பக்கம் என்று சொல்ல என் ஸ்கேலால் முடியவில்லை.

தாளை எடுத்துக் காட்டினேன். லாகரிதம், பன்னிரண்டாம் மூலம் எல்லாம் சொன்னேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். வெயில் ஏறினால் கிளாரினெட் சுருதி ஏறிவிடும், அப்போது பேரலைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொள்வோம், அதற்கும் இதில் கணக்கு இருக்கா என்று கேட்டார். காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும், அதனால் சுருதி ஏறும், குழல் நீண்டால் இறங்கும் என்று இயற்பியல் பாடத்தைச் சொன்னேன். முப்பது வருஷமாக அவர் செய்கிற வேலைக்கு ஒரு பாடம் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் அந்தப் பஸ் ஸ்டாப் விஷயத்தை எடுத்தேன். மன்னிச்சிருங்கப்பா என்றேன். அந்தத் தொப்பி எனக்கே பிடிக்காது தாயி என்று சொல்லிவிட்டு அப்பா கிளாரினெட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். பட்டறை, தறி, தோல் ஷாப்பு, வயல், பேண்டு செட் என்று நம் அப்பா அம்மாக்கள் கையில் இருக்கிற வித்தைக்கு நம் புத்தகத்தில் எங்கோ ஒரு சூத்திரம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்க ஓர் ஆள் வேண்டும். நம்ம ஊரில் பதினேழு வயதில் வந்து இறங்கி, வாத்தியாராகப் போய், தமிழையும் வயலினையும் கணக்கையும் ஒன்று சேர்த்தார் ஆபிரகாம் பண்டிதர். நாமும் முயன்றால் முடியும்.

ஆண்டு விழாவுக்கு இந்த முறை என் அப்பா வருகிறார். கூட்டத்தில் பார்த்தால் வந்து பேசுங்கள். கிளாரினெட் கலைஞர் என்று நானே அறிமுகம் செய்து வைக்கிறேன்.

வளர்க தமிழிசை! வாழ்க நம் மாணவர் ஒற்றுமை!

— இறுதியாண்டு மாணவி,
மின்னியல் துறை